நடுங்கும் கைக்கு நாற்று நடலாமா?

லேத்தில் நின்று வேலை செய்பவருக்கு விரல் நடுங்கினால் என்ன ஆகும் என்பதைத் திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் பெரும்பாலும் அறுபது வயதையொட்டித் தலைகாட்டுகிறது. கை நடுங்கும், உடல் விறைக்கும், நடை தளரும், கையெழுத்துக்கூடச் சிறுத்துக்கொண்டே வரும்.

காரணம் நடுமூளையில் இருக்கிறது. அங்கே கருநிறமான ஒரு சிறு பகுதியிலுள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்னும் பொருளைச் சுரந்து, நீண்ட இழைகளின் வழியே, இயக்கத்தைச் சீர்படுத்தும் வேறொரு பகுதிக்கு அனுப்புகின்றன. இந்த நரம்பணுக்கள் மடிந்துகொண்டே போவதுதான் நோய். நடுக்கம் வெளியே தெரியும்போதே ஏறத்தாழப் பாதி அழிந்திருக்கும்.

டோப்பமினையே ஊசியில் ஏற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அது குருதியிலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்பொருளான எல்-டோப்பா நுழையும். பூனைக்காலி விதையிலிருந்து இதை 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். அது நடுக்குவாதத்துக்கு மருந்தாகும் என்பது 1960-களில்தான் தெரிந்தது. (அதற்காக விதையை அரைத்துக் குடிக்கப் புறப்பட்டுவிடாதீர்கள்!) ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல ஒவ்வொரு வேளை மருந்தும் வேலை செய்யும் நேரம் குறைகிறது.

அதே 1960-களில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி, பாலசுப்பிரமணியம், கனகா ஆகிய அறுவை மருத்துவர்கள், மண்டையில் பொருத்திய அளவுச்சட்டத்தின் துணையால் மூளையின் ஆழத்தை அடைந்து, நடுக்கத்தோடு தொடர்புடைய சிறு புள்ளியைச் சிதைத்து வந்தனர். சிதைப்பதற்குப் பதிலாக, அதே வழியில் புதிய நரம்பணுக்களை நட்டால்?

எங்கே நடுவது என்பதில்தான் சூட்சுமம். நடுமூளையில் நட்டால் இழைகள் அவ்வளவு தூரம் வளர்வது கடினம். அத்திப்பட்டு மின்நிலையத்திலிருந்து கம்பி இழுக்க முடியாதபோது தெருவிலேயே ஜெனரேட்டரை வைப்பதுபோல, டோப்பமின் தேவைப்படும் இடத்திலேயே நட்டுவிடுகிறார்கள்.

சுவீடனின் லுண்ட் நகரில் 1987-இல், கருக்கலைப்பில் கிடைத்த கருவின் மூளைத்திசுவை இவ்வாறு நடத் தொடங்கினர். சிலர் வியக்கத்தக்க முன்னேற்றம் கண்டனர். ஆனால் இந்நோயில் நம்பிக்கைகூட டோப்பமினைச் சுரக்க வைக்கும்! ஆகவே அமெரிக்காவில் 40 நோயாளிகளில் பாதிப்பேருக்கு மட்டும் திசுவை நட்டு, மீதிப்பேருக்கு மண்டையில் துளை மட்டும் இட்டனர். யாருக்கு எது என்பது நோயாளிகளுக்குத் தெரியாது. 2001-இல் வெளிவந்த முடிவு ஏமாற்றமளித்தது. வயது குறைந்தவர்களுக்கே ஓரளவு பயன் கிடைத்தது. திசு பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்குக் கட்டுக்கடங்காத உடலசைவுகள் தோன்றின. பத்தாண்டுக்கு மேல் உயிரோடிருந்த நாற்றுகளிலும் நோயின் அடையாளம் காணப்பட்டதாக 2008-இல் அறிவித்தார்கள்.

முயற்சி அத்துடன் நிற்கவில்லை. ஜப்பானின் கியோட்டோவில், கொடையாளரின் சாதாரண உயிரணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றி, அவற்றிலிருந்து நரம்பணுக்களை வளர்த்து, 2018 முதல் ஏழு பேருக்கு நட்டனர். 2025-இல் வந்த அறிக்கைப்படி புற்றுக்கட்டி எதுவும் வளரவில்லை. பயனை அளந்து பார்த்த ஆறு பேரில் நால்வருக்கு இயக்கம் மேம்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்பதை மறக்கக்கூடாது.

இதற்குள் "ஸ்டெம்செல் ஊசியில் நடுக்கம் போகும்" என்று விளம்பரங்கள் வந்துவிட்டன. 2017-ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டு நெறிகளின்படி, இந்நோய்க்குக் குருத்தணுக்களை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே பயன்படுத்தலாம். ஆய்வில் சேர்பவரிடம் அதற்குப் பணம் வாங்கக்கூடாது. வீட்டை அடகு வைத்து இலட்சங்களைக் கொண்டுவரச் சொன்னால், ஆய்வின் பதிவெண் என்ன என்று முதலில் கேளுங்கள்.