கிலோமீட்டர் கணக்கும் கெடு நேரமும்



லண்டனிலிருந்து பாரிசுக்கு வானவழியில் சுமார் 345 கி.மீ. விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். ஆனால் விமான நிலையம் போய்ச் சேரும் நேரம், சோதனை, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் கடலுக்கு அடியில் 1994-ல் தொடங்கிய ரயிலே பலருக்கு வசதி. தூரம் வேறு, நேரம் வேறு என்பதற்கு இது ஓர் உதாரணம். நமக்கும் இதே கணக்கு இ-வே பில்லில் வருகிறது.

2021 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு 200 கி.மீட்டருக்கும் ஒரு நாள் கெடு. மிச்சம் 10 கி.மீ. இருந்தாலும் அதற்கு இன்னொரு நாள் உண்டு. திங்கட்கிழமை எந்நேரம் வண்டி எண்ணைப் பதிவு செய்தாலும் முதல் நாள் என்பது செவ்வாய் நள்ளிரவோடு முடியும். சென்னையிலிருந்து கோலியனூருக்கு சுமார் 165 கி.மீ. என்பதால் ஒரு நாள். குண்டூரிலிருந்து மிளகாய் வர சுமார் 570 கி.மீ., அதாவது மூன்று நாள்.

தூரத்தை இரண்டு பின்கோடுகளை வைத்துக் கம்ப்யூட்டரே காட்டும். அதற்கு மேல் 10 சதவீதம் வரை நாம் கூட்டிப் போடலாம். கம்ப்யூட்டர் 395 என்று காட்டி, லாரி ஓடும் பாதை 410 ஆக இருந்தால் உள்ளபடி 410 என்றே போடச் சொல்லுங்கள். இரண்டு நாள் மூன்று நாளாகும்.

ஒருமுறை நமக்கு வந்த மிளகாய் லாரி வழியில் அச்சு முறிந்து நின்றது. கெடு நள்ளிரவில் முடிகிறது. டிரைவர் மாலையிலேயே போன் செய்ததால் லாரி ஆபீசில் கெடுவை நீட்டித்தார்கள். கெடு முடிவதற்கு முன் 8 மணி, பின் 8 மணி, இதற்குள்தான் நீட்டிக்க முடியும். தவறினால் வரியைப் போல் இரண்டு மடங்கு தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. 4 லட்ச ரூபாய் மிளகாய்க்கு 5 சதவீத வரி 20,000, தண்டம் 40,000. அந்த லோடில் வரும் லாபமே அவ்வளவு இராது.

நம் பகுதிக்காரர்கள் ஏமாறும் இடம் இன்னொன்று. கோலியனூரிலிருந்து புதுச்சேரி சுமார் 30 கி.மீ.தான். ஆனால் அது வேறு எல்லை. தமிழ்நாட்டுக்குள் 1 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குத்தான் இ-வே பில். புதுச்சேரிக்கு 50,000 தாண்டினாலே வேண்டும். வரியையும் சேர்த்த மதிப்பு இது. 60,000 ரூபாய்ச் சரக்கு பில் மட்டும் வைத்துக்கொண்டு சென்னைக்குப் போகலாம். பக்கத்துப் புதுச்சேரிக்குப் போக முடியாது.

எனவே ஆர்டர் சொல்லும்போதே தூரத்தையும் சொல்லுங்கள். வண்டி கிளம்பியதும் கெடு தேதியைக் கடைப் பலகையில் எழுதி வையுங்கள். டிரைவர் நம்பரைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வையுங்கள். காசு செலவில்லாத காவல் இது.