கண் தெரியாத பூனைக்குட்டியை காப்பாற்றுவது எப்படி? மனிதர்களின் சொட்டு மருந்தை விட்டால் ஆபத்து

தூத்துக்குடி,

மீன் கூடை இறங்கும் இடத்தில் எல்லாம் பூனை இருக்கும். தூத்துக்குடி மில்லர்புரமும் இதற்கு விலக்கு அல்ல.

அவை போடும் குட்டிகளில் ஒன்றிரண்டு, கண்ணில் பீளை ஒட்டி திறக்க முடியாமல் சுவர் ஓரம் கத்திக்கொண்டு கிடப்பது உண்டு. "கண்ணு அவிஞ்சு போச்சு, இனி பொழைக்காது" என்று சாக்குப்பையில் போட்டு தூரத்தில் விட்டு வருபவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் பீளை ஒட்டிய குட்டி எல்லாம் குருடு அல்ல.

பிறந்த குட்டி சுமார் 7 முதல் 10 நாளில் கண் திறக்கும். அதற்குள் மூடிய இமைக்குள் கிருமி புகுந்தால் சீழ் கட்டிவிடும். கொஞ்சம் வளர்ந்த குட்டிக்கு வருவது பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ் சளி. தும்மலில் ஆரம்பித்து, கருவிழியில் புண் விழுந்து, கடைசியில் கண்ணே போய்விடும். இந்த பூனை வைரஸ் மனிதர்களுக்கு ஒட்டாது.

மெடிக்கல் மருந்து வேண்டாம்

கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, பீளை ஊறிய பிறகு மெதுவாக துடைக்க வேண்டும். பிய்த்து இழுக்கக் கூடாது. அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் காட்டுவது நல்லது. குட்டி கடித்தாலோ, பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்பு போட்டு கழுவிவிட்டு, அரசு ஆஸ்பத்திரியில் வெறிநோய் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

வீட்டில் கிடக்கும் கண் சொட்டு மருந்தை விடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் பெரிதாகும். காய்ச்சலுக்கு பாரசிட்டமால் கொடுத்தால் பாதி மாத்திரையே பூனையின் உயிரை எடுத்துவிடும்.

கண்ணையே எடுக்கும் நிலை என்றால் பக்கத்து ஊரிலேயே வழி இருக்கிறது. நெல்லை ராமையன்பட்டியில் 2012-ம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

திருடனை விரட்டிய பூனை

இரண்டு கண்ணும் போனாலும் பூனை பிழைக்கும். அமெரிக்காவின் மியாமி நகரில் 1997-ல் சில வார குட்டி ஒன்றுக்கு கிருமி தொற்றால் இரண்டு கண்ணும் அகற்றப்பட்டது. யாரும் வாங்க முன்வராத அதை க்வென் கூப்பர் என்ற பெண் எடுத்து வளர்த்து, ஹோமர் என்று பெயர் வைத்தார். வீட்டுக்குள் நுழைந்த திருடனை அது சீறி விரட்டியதாக 2009-ல் வெளியான புத்தகத்தில் அவர் எழுதி இருக்கிறார். ஹோமர் 2013 வரை உயிரோடு இருந்தது.

காதும், மூக்கும், மீசையும்தான் அதற்கு கண். எனவே சாப்பாட்டு தட்டு, தண்ணீர், மண் தொட்டி மூன்றையும் இடம் மாற்றக் கூடாது. தொடும் முன் குரல் கொடுக்க வேண்டும். தூக்கினால் தெரிந்த இடத்திலேயே இறக்கிவிட வேண்டும். தெருவில் விடுவது பைக் சக்கரத்தில் விடுவதற்கு சமம்.

வெறும் தயிர் சோறு போட்டாலும் பார்வை மங்கும். பூனையின் விழித்திரைக்கு டாரின் என்ற சத்து வேண்டும். அது மீன், கறியில்தான் உண்டு. உப்பு, காரம், வெங்காயம் இல்லாமல் வேகவைத்த மீனை முள் எடுத்து, வெந்த தண்ணீரோடு பிசைந்து வைக்கலாம். டாரின் அந்த தண்ணீரில்தான் இறங்கி இருக்கும்.

அடுத்தவருக்கு கொடுப்பதாக இருந்தால், மூடி இல்லாத கிணறோ, கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியோ இருக்கிறதா என்று ஒருமுறை போய் பார்த்துவிட வேண்டும். குட்டி படுத்த பழைய துணியையும் கூடவே கொடுத்து அனுப்பினால், முதல் ஒரு வாரம் ஒரே அறையில் பழகிக்கொள்ளும்.

பசி, தாகத்தில் வாடும்படி விலங்கை விட்டுவிட்டுப் போவது 1960-ம் ஆண்டு விலங்குகள் வதை தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு கிலோ சாளை மீன் கூட அந்த காசுக்கு கிடைக்காது.