பயோட்டின் மாத்திரை: நன்மையும் எச்சரிக்கையும்



தலைமுடி உதிர்கிறது, நகம் உடைகிறது என்று யாராவது சொன்னால், "பயோட்டின் மாத்திரை சாப்பிடுங்கள்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் ஆலோசனை கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. மருத்துவரின் சீட்டு இல்லாமலேயே இம்மாத்திரை கடைகளில் கிடைக்கிறது. வைட்டமின்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று பலரும் எண்ணுகிறார்கள். இதனால் மெய்யாகவே நன்மை அடைகிறவர்கள் யார், இதை உட்கொள்ளுகிறவர்கள் எதில் கவனமாயிருக்க வேண்டும் என்பவற்றை இங்கே எளிய முறையில் விளக்க விரும்புகிறோம்.

பயோட்டின் என்றால் என்ன?

பயோட்டின் 'பி' வகை வைட்டமின்களில் ஒன்று. பி7 என்றும் வைட்டமின் ஹெச் என்றும் இதற்குப் பெயர் உண்டு. இது நீரில் கரையக்கூடியது. நாம் உண்ணும் உணவிலிருந்து சக்தியைப் பெறவும், கொழுப்பு, சர்க்கரை, புரதம் ஆகியவற்றைச் சரியாகக் கையாளவும் நம் உடலிலுள்ள ஐந்து என்சைம்களுக்கு இதன் துணை தேவை.

இதன் வரலாறு முட்டையோடு தொடர்புடையது. சமைக்காத முட்டையின் வெள்ளைக்கருவை அதிகமாகத் தின்ற எலிகளுக்குத் தோல் புண்ணாகி முடி கொட்டுவதை 1927இல் மார்கரெட் போவாஸ் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். 1936இல் கோகல், டோனிஸ் ஆகிய இருவர் முட்டையின் மஞ்சள் கருவிலிருந்து பயோட்டினைப் பிரித்தெடுத்தனர். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்னும் புரதம் பயோட்டினை இறுகப் பிடித்துக்கொண்டு, அது குடலில் உறிஞ்சப்படாதபடி தடுக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. முட்டையை நன்றாக வேகவைத்தால் அவிடின் தன் வலிமையை இழந்துவிடும். ஆகவே முட்டையை வேகவைத்து உண்பதே நல்லது.

நமக்கு எவ்வளவு தேவை?

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 மைக்ரோகிராமும், பாலூட்டும் தாய்க்கு 35 மைக்ரோகிராமும் போதுமானவை என்று அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர்கள் கணக்கிட்டுள்ளனர். வேகவைத்த முட்டை ஒன்றிலேயே ஏறக்குறைய 10 மைக்ரோகிராம் இருக்கிறது. ஈரல், மீன், நிலக்கடலை, பாதாம் பருப்பு, சூரியகாந்தி விதை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றிலும் இது உண்டு. பலவகை உணவை உண்ணும் ஒருவருக்குப் பயோட்டின் குறைபாடு ஏற்படுவது மிகவும் அரிது.

யாருக்கு இந்த மாத்திரை அவசியம்?

சில குழந்தைகள் பயோட்டினிடேஸ் என்னும் என்சைம் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். ஏறத்தாழ 60,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. இக்குழந்தைகளின் உடல், உணவிலுள்ள பயோட்டினைப் பிரித்தெடுக்கவும், பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்தவும் இயலாமல் தவிக்கிறது. வலிப்பு, கைகால் தளர்ச்சி, தோல் தடிப்பு, முடி உதிர்தல் ஆகியவை தோன்றும். கவனியாமல் விட்டால் காதும் கண்ணும் பாதிக்கப்படும். பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தைக் கொண்டே இந்நோயைக் கண்டுபிடித்துவிடலாம். அப்போதே சிகிச்சையைத் தொடங்கி, பொதுவாக நாள்தோறும் 5 முதல் 10 மில்லிகிராம் பயோட்டினை வாழ்நாள் முழுவதும் கொடுத்துவந்தால், குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளரும். காலம் தாழ்த்தினால், இழந்த செவித்திறன் பெரும்பாலும் திரும்பக் கிடைப்பதில்லை. இந்தப் பிள்ளைகளுக்குப் பயோட்டின் மாத்திரை உயிர் காக்கும் மருந்தாகும்.

வலிப்பு நோய்க்காகப் பினைட்டாயின், கார்பமசெபின், பினோபார்பிட்டால் போன்ற மருந்துகளை நீண்ட நாள் உட்கொள்ளுகிறவர்களுக்கும், மதுப்பழக்கத்திற்கு அடிமையானவர்களுக்கும் உடலில் பயோட்டின் குறையக்கூடும். இவர்கள் மருத்துவரைக் கேட்டு நடந்துகொள்ள வேண்டும். வலிப்பு மருந்தைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்தானது.

முடி உதிர்வுக்குப் பலன் தருமா?

பயோட்டின் குறைபாட்டினால் முடி உதிர்ந்தால், மாத்திரை நிச்சயம் உதவும். குறைபாடு இல்லாதவருக்கு இது முடியை வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இரத்தசோகை, தைராய்டு கோளாறு, கடும் காய்ச்சல், பிரசவத்திற்குப் பின்வரும் மாற்றங்கள், பரம்பரை ஆகியவையே முடி உதிர்வதற்குப் பெரும்பாலும் காரணமாகின்றன. காய்ச்சலுக்கோ பிரசவத்திற்கோ பின் சில மாதங்கள் உதிரும் முடி, பொதுவாகத் தானாகவே மீண்டும் வளர்ந்துவிடும்.

மறைந்திருக்கும் ஆபத்து

பயோட்டின் அதிகமானாலும் அதுவே நச்சாக மாறியதாகத் தெரியவில்லை. ஆபத்து வேறொரு வழியில் வருகிறது. பல ஆய்வகங்களில் இரத்தத்தைப் பரிசோதிக்கும் கருவிகள் பயோட்டினைக் கொண்டே வேலை செய்கின்றன. ஸ்ட்ரெப்டவிடின் என்னும் புரதத்தோடு பயோட்டின் விடாமல் ஒட்டிக்கொள்ளும் தன்மையை அவை பயன்படுத்துகின்றன. மாத்திரையினால் இரத்தத்தில் பயோட்டின் மிகுந்திருக்கும்போது, அது பரிசோதனைப் பொருள் ஒட்ட வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கருவி தவறான அளவைக் காட்டுகிறது.

தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். குறைவாகவும், டி4 அதிகமாகவும் காட்டப்படலாம். நலமாயிருக்கும் ஒருவருக்குத் தைராய்டு மிகுதியாகச் சுரப்பதுபோல் தோன்றும். சுரப்புக் குறைந்த ஒருவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். தைராய்டு குறைவால் முடி உதிரும் ஒரு பெண், அதற்காகவே பயோட்டின் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போனால், உண்மையான காரணம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடலாம்!

மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையும் இவ்வாறு பாதிக்கப்படக்கூடும். அதிக அளவு பயோட்டின் உட்கொண்ட ஒருவர், ட்ரோபோனின் தவறாகக் குறைவாகக் காட்டப்பட்டதையடுத்து மரணமடைந்தார் என்பதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் தெரிவித்தது. 2019இல் அவ்வெச்சரிக்கையைப் புதுப்பித்தது. இதன்பின் சில பரிசோதனை முறைகள் திருத்தப்பட்டுள்ளன. ஆயினும் எல்லா ஆய்வகங்களிலும் ஒரே முறை கையாளப்படுவதில்லை.

பாதுகாப்பாகப் பயன்படுத்த

1. முடி உதிர்ந்தால் முதலாவது மருத்துவரிடம் காட்டி, காரணத்தைக் கண்டறியுங்கள்.

2. மாத்திரைப் புட்டியின் மேலுள்ள அளவைப் பாருங்கள். 1,000 மைக்ரோகிராம் சேர்ந்தது ஒரு மில்லிகிராம். 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் நம் அன்றாடத் தேவையைப்போல் 300 மடங்குக்கும் அதிகமான பயோட்டின் இருக்கிறது. முடி, நகம், தோல் ஆகியவற்றுக்கென்று விற்கப்படும் மாத்திரைகளிலும் இது சேர்ந்திருக்கலாம்.

3. எந்த இரத்தப் பரிசோதனைக்குப் போனாலும், பயோட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடமும் ஆய்வகத்தாரிடமும் சொல்லுங்கள். தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் இதை நிறுத்தும்படி அமெரிக்க தைராய்டு சங்கம் கூறுகிறது. மிக அதிக அளவில் உட்கொள்ளுகிறவர்கள் இன்னும் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கலாம்.

4. மருத்துவர் நோய்க்காகக் கொடுத்த பயோட்டினை, முக்கியமாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை, அவரைக் கேளாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள்.

5. நெஞ்சுவலி வந்தால் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோயாளி பேச முடியாத நிலையில் இருக்கக்கூடும். எனவே அவர் என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை வீட்டிலுள்ள ஒருவராவது அறிந்திருப்பது நல்லது.

"வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது, வைட்டமினை மருந்தாக எண்ணாமல் "இல்லை" என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த முறை அக்கேள்வியைக் கேட்கும்போது, பயோட்டினையும் நினைவாகச் சொல்லும்படி உங்களை அன்போடு கேட்டுக்கொள்ளுகிறோம். உங்கள் வீட்டாருக்கும் அயலாருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.