சேர்ந்து தொடங்கினால் மட்டும் போதாது

பெரிய மேடைகளில் பின்திரையை நிறைக்கும் காட்சி பெரும்பாலும் ஒரே ப்ரொஜெக்டரிலிருந்து வருவதில்லை. நான்கைந்து கருவிகள் ஆளுக்கொரு துண்டைக் காட்டும். ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மங்கவைத்து ஒரே படமாக்கிவிடுவார்கள். டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினைச் சேர்ந்த ஹை எண்ட் சிஸ்டம்ஸ் கொண்டுவந்த டிஎல்.3 போன்ற ‘டிஜிட்டல் விளக்கு’களில், வீடியோவைச் சேமித்து ஓட்டும் மீடியா சர்வரும் கருவிக்குள்ளேயே இருக்கும். மற்ற மேடை விளக்குகளைப் போலவே இவற்றையும் கன்சோலிலிருந்து இயக்கலாம். வசதிதான், ஆனால் ஒவ்வொரு கருவியும் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ‘கோ’ (தொடங்கு) கட்டளை கொடுத்துவிட்டால் படங்கள் சேர்ந்தே ஓடும் என்று நினைப்பது பாதிதான் சரி. சேர்ந்திசையில் எடுப்பு சேர்ந்திருந்தும் காலப்பிரமாணம் சேராவிட்டால் பாட்டு கலைந்துவிடும். இங்கேயும் சிக்கல் பெரும்பாலும் காலப்பிரமாணத்தில்தான்.

கணக்குப் போட்டால் இது விளங்கும். கணினிக் கடிகாரத்தை நடத்துவது ஒரு குவார்ட்ஸ் படிகம். இரண்டு படிகங்களின் வேகம் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால், அது பழுதல்ல, சாதாரண விஷயம். ஆனால் அந்த வேறுபாடே ஒரு மணி நேரத்தில் 0.18 நொடியாகிவிடும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் படத்தில் அது கிட்டத்தட்ட 11 ஃபிரேம். அதாவது ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு ஃபிரேம் விலகல். தொடக்கமும் அவ்வளவு கச்சிதமாக இருக்காது. கன்சோலிலிருந்து 512 சேனல்களையும் சுமந்துவரும் டிஎம்எக்ஸ் கட்டளை நொடிக்கு அதிகபட்சம் சுமார் 44 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அது எல்லாக் கருவிக்கும் ஒன்றாகவே வந்து சேர்ந்தாலும், ஒவ்வொன்றும் தன் அடுத்த ஃபிரேமை வரையும் தருணம் வேறு.

மருந்தும் அதனால் ஒன்றல்ல, மூன்று. முதலாவது டைம்கோட்: மணி, நிமிடம், நொடி, ஃபிரேம் என்று படம் இப்போது எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதை எல்லாக் கருவிக்கும் தொடர்ந்து சொல்லும். பின்தங்கிய சர்வர் சட்டென்று தாவாமல், வேகத்தைச் சற்றே கூட்டி எட்டிப் பிடிக்க முடியும். எல்லா இடத்திலும் ஒரே ஃபிரேம் கணக்கை வைப்பதும் முக்கியம். அமெரிக்கக் கலர் டிவி விட்டுச்சென்ற நொடிக்கு 29.97 ஃபிரேம் என்ற கணக்கை 30 என்று எடுத்துக்கொண்டால் மணிக்கு 108 ஃபிரேம் பிசகும். இரண்டாவது ஜென்லாக்: ஒரே துடிப்பை எல்லா வீடியோ வெளியீடுகளுக்கும் கொடுத்து, அடுத்த ஃபிரேமுக்கு மாறும் கணத்தை ஒன்றாக்குகிறது. மூன்றாவது, ப்ரொஜெக்டருக்குள் நடக்கும் தாமதத்தைச் சமன்செய்வது. கோணலைச் சரிசெய்யும் கீஸ்டோன் வசதியை ஒன்றில் மட்டும் போட்டுவைத்தால், அந்தக் கருவி படத்தைச் சற்று நிறுத்திவைத்தே வெளியிடக்கூடும். ஒரே மாடல், ஒரே அமைப்பு என்பதே இதற்கு எளிய வழி.

‘நொடியில் அறுபதில் ஒரு பங்கு கண்ணுக்குத் தெரியுமா? மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு ஒலியே நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாகத்தான் போகிறது’ என்பார்கள். ஒலிக் கணக்கு சரிதான், ஒப்பீடுதான் சரியில்லை. ஒலியையும் படத்தையும் மூளை பெருந்தன்மையோடு சேர்த்துக்கொள்ளும். ஆனால் பக்கத்துப் பக்கத்துப் படங்களைக் கண் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிடும். பத்து மீட்டர் அகலத் திரையை ஒரு செங்குத்துக் கோடு 2 நொடியில் கடப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேம் பிசகினால், ஓரங்கள் ஒட்டும் இடத்தில் அது 8 சென்டிமீட்டர் இடைவெளியில் இரட்டைக் கோடாகத் தெரியும். மெல்ல நகரும் மேகத்துக்கோ நிறம் மாறும் வானத்துக்கோ இவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை என்பதும் உண்மை. ஆகவே எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதைக் கருவியின் விலை அல்ல, காட்சிதான் தீர்மானிக்க வேண்டும்.

‘பல சர்வர்களுக்குப் பதில் ஒரே வலிமையான கணினி போதாதா?’ சின்ன மேடைக்குப் போதும். பெரிய மேடையில் வெளியீடுகளின் எண்ணிக்கையும் கேபிளின் நீளமும் தடையாகும். அந்த ஒரு கணினி நின்றால் முழுத் திரையும் இருண்டுவிடும். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் தாமதமும் அப்படியே இருக்கும். வேகமான நெட்வொர்க் போடுவதும் தீர்வல்ல. செய்தி விரைவாகப் போய்ச்சேர்வதால் இரண்டு கடிகாரங்கள் ஒன்றாக ஓடத் தொடங்கிவிடாது. செலவுக்கு முன் சோதனை தேவை. ஃபிரேம் எண் ஓடும் வீடியோவை எல்லாக் கருவியிலும் போட்டு, தொடக்கத்தில் ஒரு படமும் ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்றும் கேமராவில் எடுத்தால் போதும். எண்களின் வித்தியாசம் மாறாமல் இருந்தால் கோளாறு தாமதத்தில். அதைக் கணக்கிட்டு ஈடுகட்டலாம். வித்தியாசம் வளர்ந்துகொண்டே போனால் கோளாறு கடிகாரத்தில். ‘கோ’ பொத்தானை எவ்வளவு கவனமாக அழுத்தினாலும் அது தீராது.