பொருளியலில் முதற் பாடம்

பல்கலைக்கழகங்களிற் பயிற்றப்படும் பாடங்களுள், தமக்கு முன்னரே ஓரளவு தெரியும் என்னும் எண்ணத்தோடு மாணாக்கர் வந்து அமரும் பாடம் பொருளியலாகும். வானியலையோ இரசாயனத்தையோ கற்கப் புகும் ஒருவன், தான் அறியாத ஒன்றை அறியப்போகின்றான் என்னும் அடக்கத்தோடு புகுகின்றான். விலை, கூலி, வட்டி, இலாபம் என்பனவோ வீட்டிலும் கடைத்தெருவிலும் நாள்தோறும் அடிபடுஞ் சொற்கள். அச்சொற்களே விரிவுரை மண்டபத்தில் வேறு பொருள்கொண்டு வழங்கக் கேட்டதும் அவன் திகைக்கின்றான். செலவு என்றால் கையிலிருந்து வெளியேறிய பணம் என்று அவன் இதுகாறும் எண்ணியிருந்தான். ஆசிரியரோ, ஒன்றைத் தெரிவு செய்தமையாற் கைவிடப்பட்ட மற்றொன்றின் பெறுமதியே செலவு என்கிறார். இத்திகைப்புத் தெளிவாக மாறுவதும் வெறுப்பாக மாறுவதும் முதலாண்டுப் பாடத்தின் அமைப்பையே பெரிதும் சார்ந்திருக்கின்றன.

வெறுப்பு ஒரு பெருநூலைப் பிறப்பித்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்திலே இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில், பொறியியலும் விஞ்ஞானமும் பயில வந்த ஏறத்தாழ 800 மாணாக்கர் ஓராண்டு முழுவதும் பொருளியலைக் கட்டாயமாகப் படிக்கவேண்டியிருந்தது. அவர்களுக்கு அப்பாடம் சிறிதும் பிடிக்கவில்லை. துறைத் தலைவராயிருந்த ரால்வ் பிரீமன், இளம் ஆசிரியரான போல் சாமுவேல்சனை அணுகி, மாணாக்கர் விரும்பிப் படிக்கத்தக்க நூலொன்றை எழுதித் தருமாறு வேண்டினார் என்பது சாமுவேல்சனே பிற்காலத்திற் கூறிய செய்தியாகும். 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூல் நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகெங்கும் முதற் பாடத்தின் வடிவத்தை நிருணயித்தது. இதற்கு ஓராண்டு முன்னர், கெயின்ஸின் விரிவுரைகளைக் கேம்பிரிட்ஜில் நேரிற் கேட்டவரான லோரி ராசிஸ் எழுதிய பாடநூல் 1947இல் வெளிவந்திருந்தது. அதனை எதிர்த்து எழுந்த அரசியற் கூச்சலால் கல்லூரிகள் பல அதனைக் கைவிட்டன. முதலாண்டு மாணவன் எதைப் படிக்கின்றான் என்பது கல்லூரி மதிலுக்கு வெளியேயும் கவலைக்குரிய விடயமாய் இருந்தமை இதனாற் புலனாகும்.

வகுப்பறைக்குள் மாணாக்கர் முதலில் இடறுவது வரைபடத்தில் எனலாம். கணிதம் கற்று வந்தவன், காரணமாகிய கணியத்தைக் கிடையச்சிலும் விளைவாகிய கணியத்தை நிலைக்குத்தச்சிலும் குறித்துப் பழகியவன். விலை மாறுவதனால் வாங்கும் தொகை மாறுகின்றது என்று சொல்லிக்கொண்டே ஆசிரியர் விலையை நிலைக்குத்தச்சிற் குறிக்கின்றார். அல்பிரட் மார்ஷல் தம் நூலில் வழங்கிய முறை இது. 1890இல் வெளிவந்த அந்நூலின் வழக்கத்தை இன்றுவரை எவரும் மாற்றத் துணியவில்லை. கணித மாணவனின் முறைப்பாடு நியாயமானதே.

இரண்டாவது இடறல் இன்னும் ஆழமானது. தேர்வுத் தாள்களில் ஆண்டுதோறும் காணப்படும் ஒரு நியாயத்தை எடுத்துக்கொள்ளலாம். மீன் விலை ஏறினால் மீனுக்குள்ள கேள்வி குறையும். கேள்வி குறைந்தால் விலை இறங்கும். ஆகவே விலை ஏறினால் விலை இறங்கும். ஒவ்வொரு படியும் சரியெனத் தோன்ற, முடிவு மாத்திரம் அபத்தமாய் நிற்கின்றது. பிழை யாதெனின், 'கேள்வி குறைதல்' என்னும் தொடர் இரு பொருளில் வழங்கியமையே. விலை ஏறியதால் மக்கள் வாங்கும் தொகை குறைவது, ஒரே கேள்வி வளையியின் வழியே மேல்நோக்கிச் செல்லும் நகர்வு. நோன்பு நாட்கள் வந்தமையால் எந்த விலையிலும் முன்னிலும் குறைவாகவே மக்கள் வாங்குவது, வளையி முழுவதும் இடப்புறமாகப் பெயர்வது. விலையை இறக்குவது இரண்டாவதேயன்றி முதலாவதன்று. கேள்வி வேறு, கேள்வித் தொகை வேறு என்று நூல்கள் வலியுறுத்துவது இதன்பொருட்டே. இலங்கையில் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவனுக்கு இதில் ஒரு மேலதிகச் சிக்கலும் உண்டு. அவன் நூலில் 'கேள்வி', 'நிரம்பல்' என்று வழங்குவனவே தமிழகத்து நூல்களில் 'தேவை', 'அளிப்பு' என வழங்குகின்றன. கேள்வி என்னுஞ் சொல்லோ வினாவையும் செவிச்செல்வத்தையும் குறித்துப் பழகியது. 'கேள்வியைப் பாதிக்கும் காரணிகள் யாவை?' என்னும் வினாவை முதன்முதற் கண்ட மாணவன் சற்று விழிப்பானாயின், அவனைக் குறைகூறுதல் தகாது.

அமையச் செலவு என்னும் எண்ணக்கரு சொல்வதற்கு எளிது. கையாளுதற்கோ அத்துணை எளிதன்று. பௌல் ஃபெராரோ, லோரா ரெயிலர் என்னும் ஆய்வாளர் இருவர் 2005ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் கூடிய மாநாட்டில் ஒரு வினாவை விடுத்தனர். எரிக் கிளப்டன் என்னும் பாடகரின் நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு இலவச அனுமதிச் சீட்டுக் கிடைத்துள்ளது. அதனை விற்க முடியாது. அதே இரவில் பொப் டிலன் பாடுகின்றார். அவர் நிகழ்ச்சிக்குச் சீட்டு 40 டொலர். டிலனைக் கேட்பதற்கு அவர் எந்நாளிலும் 50 டொலர் வரை கொடுக்க ஆயத்தமாயுள்ளார். வேறு செலவெதுவும் இல்லையாயின், கிளப்டனைக் கேட்பதன் அமையச் செலவு யாது? சுழியம், 10, 40, 50 என நான்கு விடைகள் தரப்பட்டிருந்தன. டிலனின் நிகழ்ச்சி அவருக்கு 50 டொலர் பெறுமதியுடையது; அதற்கு அவர் 40 டொலர் கொடுத்தேயாகவேண்டும். எனவே அவர் இழப்பது எஞ்சிய 10 டொலர்ப் பயனேயாகும். விடையளித்த ஏறத்தாழ 200 அறிஞருள் 21.6 வீதத்தினரே இதனைச் சரியாகக் கூறினர். கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்திருந்தாலும் 25 வீதம் கிடைத்திருக்கும்! வினாவின் சொல்லமைப்பே மயக்கந்தருவது எனப் பின்னர் சிலர் மறுத்தெழுதியதும் உண்டு. எவ்வாறாயினும், ஆசிரியர்களே ஒருமைப்படாத இடத்தில் முதலாண்டு மாணவனின் தடுமாற்றம் மன்னிக்கத்தக்கது.

முதற் பாடத்தில் மாணாக்கருக்கு உண்மையான வியப்பைத் தருவது ஒப்பீட்டு நன்மைக் கோட்பாடாகும். கணித மேதையான ஸ்ரனிஸ்லோ உலாம் ஒருமுறை சாமுவேல்சனை நோக்கி, சமூக விஞ்ஞானங்களில் உண்மையாகவும் அதேவேளை வெளிப்படையாகத் தெரியாததாகவும் உள்ள கூற்று ஏதேனும் உண்டா என்று வினவினார். நெடுநாட் கழித்தே சாமுவேல்சனுக்கு விடை தோன்றியது. அவர் கண்ட விடை இக்கோட்பாடே. 1817இல் டேவிட் ரிக்காடோ தந்த எண்களே இன்றும் கரும்பலகையில் எழுதப்படுகின்றன. குறித்த அளவு துணியை ஓராண்டில் ஆக்குவதற்கு இங்கிலாந்தில் 100 பேரும் போர்த்துக்கலில் 90 பேரும் வேண்டும். குறித்த அளவு வைனுக்கு இங்கிலாந்தில் 120 பேரும் போர்த்துக்கலில் 80 பேரும் வேண்டும். இரண்டிலும் போர்த்துக்கலே திறமை வாய்ந்தது. அங்ஙனமாயின் அது இங்கிலாந்தோடு வாணிகம் செய்வதேன்? வைனைக் கொடுத்துத் துணியைப் பெற்றால் போர்த்துக்கல் 90 பேரின் உழைப்புக்குரிய துணியை 80 பேரின் உழைப்பாற் பெறுகின்றது. இங்கிலாந்து 120 பேரின் உழைப்புக்குரிய வைனை 100 பேரின் உழைப்பாற் பெறுகின்றது. இருசாராரும் ஆதாயம் அடைகின்றனர்.

இக்கணக்கை விளங்கிக்கொண்ட மாணவன் மகிழ்கின்றான். ஆயினும் தேயிலையையும் இறப்பரையும் விற்று அரிசி வாங்கிய நாட்டிற் பிறந்தவன் அவ்விடத்தில் நின்றுவிடுவதில்லை. வைனுக்கும் துணிக்கும் இடையிலான மாற்று வீதத்தை நிருணயிப்பது யார் என்று அவன் கேட்கின்றான். 1952ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் அரிசி அரிதாகி இறப்பர் விலை சரிந்திருந்த வேளையில், இலங்கை சீனாவோடு அரிசி–இறப்பர் உடன்படிக்கை செய்துகொண்ட வரலாற்றை அறிந்தவனுக்கு அக்கேள்வி வெறுங் கேள்வியன்று. ரிக்காடோவின் எண்கள் ஆதாயம் உண்டு என்பதை மாத்திரம் காட்டுகின்றன; அது எவ்வாறு பகிரப்படும் என்பதை அவை கூறா. நல்லாசிரியர் இவ்விடத்திற் சிறிது நேரம் தங்குவர். பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில் உள்ளவரோ அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடுவர்.

சந்தை என்பது கோடுகள் வெட்டும் ஒரு புள்ளி என்று கூறக்கேட்டு ஐயுற்ற மாணவர் ஒருவர், அவ்வையத்தாலேயே ஒரு புதிய துறையைத் தோற்றுவித்தார். ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்ட் சேம்பர்லின் தம் வகுப்பிலே ஒரு விளையாட்டை நடத்துவது வழக்கம். மாணாக்கருட் பாதிப்பேர் விற்போர், பாதிப்பேர் வாங்குவோர். விற்பவனின் அட்டையில் அவன் கொள்ளக்கூடிய ஆகக் குறைந்த விலையும், வாங்குபவனின் அட்டையில் அவன் கொடுக்கக்கூடிய ஆகக் கூடிய விலையும் எழுதப்பட்டிருக்கும். அறையைச் சுற்றிவந்து இருவர் இருவராகப் பேரம் பேசுவர். அவர்கள் முடித்த விலைகள் பாடநூலின் சமநிலை விலையோடு பொருந்தவில்லை என்று 1948இல் வெளியிட்ட கட்டுரையிற் சேம்பர்லின் காட்டினார். நிறைபோட்டிக் கோட்பாடு நடைமுறைக்கு ஒவ்வாதது என்பது அவர் கருத்து.

அவ்வகுப்பில் 1952ஆம் ஆண்டளவில் இருந்தவர் வேர்ணன் ஸ்மித். அவருக்கு அந்த விளையாட்டு அற்பமாகவே தோன்றியது. பின்னர் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பாடத்தைத் தாமே கற்பிக்க நேர்ந்தபோதுதான், ஒரு சந்தை எவ்வாறு சமநிலையை அடைகின்றது என்பதை மாணாக்கருக்கு விளக்கத் தம்மால் இயலவில்லை என்று கண்டார். 1956இன் முற்பகுதியில், தவணையின் தொடக்க நாளில், சேம்பர்லினின் விளையாட்டை இரு மாற்றங்களோடு நடத்தினார். தனித்தனிப் பேரத்துக்குப் பதிலாக ஏலத்திற்போல எல்லோரும் எல்லோருடைய விலையையும் கேட்கக் கூவச் செய்தார். ஒரே சந்தையை மீண்டும் மீண்டும் நடத்தி, முதற்சுற்றின் அனுபவம் அடுத்ததிற் பயன்படச் செய்தார். சில சுற்றுக்களில் விலைகள் சமநிலையை அணுகின. கோட்பாட்டை அறியாத மாணாக்கர், எவர் அட்டையில் என்ன உள்ளது என்பதையும் அறியாமல், அதனை நிறைவேற்றிக் காட்டினர்! இம்முடிவுகள் 1962இற் கட்டுரையாயின. 2002இல் ஸ்மித்துக்கு நோபல் பரிசு கிடைத்தது. மீன் சந்தையில் ஏலங் கூறுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதிற் பெரும் புதுமை இல்லாதிருக்கலாம். ஆயினும் சேம்பர்லினின் முடிவும் ஸ்மித்தின் முடிவும் ஒருங்கே உண்மை என்பது நோக்கத்தக்கது. சந்தையின் விதிகள் வேறாயின் விளைவும் வேறாகும். முதற் பாடநூல்கள் பல இதனைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன.

இனி, இப்பாடம் மாணாக்கரின் அறிவை மாற்றுவதோடு குணத்தையும் மாற்றுகின்றதா என்னும் ஐயம் எழுகின்றது. மனிதன் தன்னலம் நாடுபவன் என்னும் எடுகோளை ஓராண்டு முழுவதும் கேட்பவன், அதனை எடுகோளாகக் கொள்கின்றானா, அறிவுரையாகக் கொள்கின்றானா? கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபர்ட் பிராங்க், ரொமஸ் கிலோவிச், டெனிஸ் றீகன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வு இவ்வையத்தை வலுப்படுத்தியது. இருவர் ஒத்துழைத்தால் இருவர்க்கும் நன்மை, ஒருவர் கைவிட்டால் கைவிட்டவருக்கே கூடிய நன்மை என்று அமைந்த விளையாட்டில், பொருளியல் மாணவர் கூட்டாளியைக் கைவிட்டது 60.4 வீதம், ஏனையோர் கைவிட்டது 38.8 வீதம். அவர்கள் அறிமுகப் பாட வகுப்புக்களிலும் தவணையின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் வினவினர். பத்துக் கணினிகளை அனுப்பிய வணிகர் ஒன்பதுக்கே விலைச்சிட்டை அனுப்பினால் அதனை அவருக்கு அறிவிப்பீர்களா என்பது போன்ற வினாக்கள் அவை. தன்னல எடுகோளை அழுத்திக் கற்பித்த ஆசிரியரின் வகுப்பில் நேர்மை பற்றிய நம்பிக்கை கூடுதலாகத் தேய்ந்திருந்தது. ஒப்பீட்டுக்காக வினவப்பட்ட வானியல் வகுப்பில் அத்தேய்வு மிகக் குறைவு.

மூன்றாண்டுகளின் பின் அந்தனி யேசரும் வேறிருவரும் பிறிதொரு வழியைக் கையாண்டனர். முகவரியும் முத்திரையும் உள்ள உறைகளிற் பத்து டொலர் காசை இட்டு வகுப்பறைகளில் விட்டுவைத்தனர். பொருளியல் வகுப்புக்களிற் பாதிக்கு மேற்பட்டவை பணத்தோடு அஞ்சலில் வந்து சேர்ந்தன; ஏனைய வகுப்புக்களில் மூன்றிலொரு பங்கு அளவே வந்தன. விளையாட்டில் ஆடுவதையும் வினாவுக்குக் கூறுவதையும் விட்டுச் செய்வதையே பார்க்கவேண்டும் என்பது அவர்கள் வாதம். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. தீராதிருப்பினும், கோர்ணெல் ஆய்வில் ஆசிரியர்க்கு ஆசிரியர் வேறுபாடு காணப்பட்டமை சிந்திக்கத்தக்கது. பாடம் ஒன்றே, கற்பிக்கும் முறை வேறு.

2011ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் தேதி, ஹார்வர்டிற் கிரெகரி மேன்கியூ நடத்திவந்த அறிமுகப் பாடத்திலிருந்து ஏறத்தாழ 70 மாணாக்கர் விரிவுரையின்போது எழுந்து வெளியேறினர். 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடி நினைவிலிருந்து மறையாத காலம் அது. பாடம் ஒருதலைப்பட்சமானது, மூலநூல்களைப் படிக்க இடந்தருவதில்லை, கெயின்ஸின் கருத்துக்களினும் அடம் ஸ்மித்தின் கருத்துக்களை அடிப்படையானவையாகக் காட்டுகின்றது என்பன அவர்கள் பகிரங்கக் கடிதத்திற் கூறிய குறைகள். அன்றைய விரிவுரையின் பொருள் வருமான ஏற்றத்தாழ்வின் காரணங்களாக இருந்தமை ஒரு வேடிக்கை. வெளியேறியவர்கள் எதைக் கேட்க விரும்பினரோ அதையே கேளாமற் சென்றனர். முதற் பாடம் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டவற்றையே கற்பிக்கின்றது என்பது மேன்கியூவின் மறுமொழி. ஆயினும் எதனை முதலிற் கற்பிப்பது என்னும் தெரிவு தானாக அமைவதன்று. கணக்குப் பிழையில்லாத ஒரு பாடமும் எதனைப் பேசாது விடுகின்றது என்பதனாற் சாயக்கூடும். மாணாக்கரின் குறை இந்த அளவில் ஏற்கத்தக்கதே.

இத்தகைய முறைப்பாடு புதிதன்று. 2000ஆம் ஆண்டிற் பாரிஸ் மாணாக்கர், தாம் கற்கும் பொருளியல் உலகோடு தொடர்பற்றது என்று விண்ணப்பம் எழுதினர். 2012இல் மான்செஸ்ரர் மாணாக்கர் இதன்பொருட்டுச் சங்கமொன்றே அமைத்தனர். இக்குறைகளைக் கருத்திற்கொண்டு வென்டி கார்லின், சாமுவேல் பௌல்ஸ் முதலியோர் பல நாட்டு ஆசிரியர்களோடு கூடி எழுதிய அறிமுக நூல் 2017இல் வெளிவந்தது. எவரும் அதனை விலையின்றிப் படிக்கலாம். அந்நூலின் முதல் அத்தியாயத்திற் கேள்வி வளையி இல்லை. 14ஆம் நூற்றாண்டு வங்காளத்தின் வளத்தை வியந்து எழுதிய யாத்திரிகர் இபுன் பத்தூத்தாவைக் கொண்டு அது தொடங்குகின்றது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு முத்துக்களையும் கறுவாவையும் பற்றி எழுதியவரும் அவரே. அக்காலத்தில் உலகின் பல பாகங்களிலும் ஏறத்தாழ ஒத்திருந்த வாழ்க்கைத்தரம், பின்னர் சில நாடுகளில் மாத்திரம் செங்குத்தாக உயர்ந்தது ஏன் என்பதே அந்நூல் மாணவனிடம் கேட்கும் முதல் வினா.