வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

சிவகங்கை மாவட்டம் நெற்குப்பையின் வளவு வீடுகளில் முற்றத்துக்கு வெயில் தாராளமாக இறங்குகிறது. ஆனாலும் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘வைட்டமின் டி குறைவு’ என்று வருவது தென்னிந்தியாவில் சாதாரணம். திருப்பதியில் மருத்துவர் சி.வி. ஹரிநாராயண் குழு நடத்திய ஆய்வுகள், கிராமத்திலும் நகரத்திலும் இந்தக் குறையைக் கண்டன. தோலில் இந்தச் சத்து நன்றாக உருவாவது பகல் 11 மணி முதல் 2 மணி வரை என்பதையும் அவை காட்டின. காலை இளவெயிலை நம்பியிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குறை தண்டுவட மரப்பு நோயாளிகளைக் கூடுதலாகக் கவலைப்பட வைக்கிறது. மருத்துவர்கள் எம்.எஸ். என்று சொல்லும் இந்த நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு அணுக்களே நரம்பின் மேலுறையான மயலினை அரிக்கின்றன. ஒரு மாதம் கண் மங்கும், இன்னொரு மாதம் கால் மரத்துப்போகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்கே அதிகம்.

எதிர்ப்பு அணுக்களில் வைட்டமின் டி-யை ஏற்கும் வாங்கிகள் இருக்கின்றன. ஆய்வகத்தில் இந்தச் சத்து அந்த அணுக்களின் மூர்க்கத்தைக் குறைக்கிறது. அமெரிக்கப் படையினரின் சேமித்த ரத்தத்தை ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டு ஆய்வு, இந்தச் சத்து கூடுதலாக இருந்த வெள்ளையரிடையே நோய் வரும் வாய்ப்பு குறைவு என்றது.

வந்த நோயை மாத்திரை அடக்குமா என்பது வேறு கேள்வி. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு தினம் 5,000 யூனிட் எடுத்தவர்களுக்கு, 600 யூனிட் எடுத்தவர்களைவிட நோய்த்தாக்குதல் குறையவில்லை. 2025-இல் வந்த பிரெஞ்சு ஆய்வு வேறு விதம். முதல் அறிகுறி தென்பட்ட, வேறு சிகிச்சை தொடங்காத 316 பேரில், இரு வாரத்துக்கொரு முறை 1,00,000 யூனிட் பெற்றவர்களில் 60.3 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து பெற்றவர்களில் 74.1 சதவீதத்தினருக்கும் நோய் மீண்டும் தலைகாட்டியது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் சத்து மாத்திரை எடுத்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் தொடர்ந்தது. இதை நம்பி நரம்பியல் மருத்துவர் எழுதிய மருந்தை நிறுத்துவது பெரும் ஆபத்து.

நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 60,000 யூனிட் மாத்திரை. வாரத்துக்கு ஒன்று வீதம் சில வாரங்கள் என்றுதான் மருத்துவர் எழுதுவார். அதைத் தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். குமட்டல், தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் வரும், சிறுநீரகமும் கெடும். ஸ்ரீநகரின் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவன மருத்துவர்கள் 2011-இல் பதிவு செய்த பத்துப் பேருக்கும் நடந்தது இதுபோன்ற கேடுதான். குறையைப் போக்கத் தந்த மருந்தே அளவு மீறி நஞ்சாகியிருந்தது. தானாக எடுத்துக்கொள்வோருக்கு நாளொன்றுக்கு 4,000 யூனிட்டே உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மருந்தால் பாதிப்பு ஏற்பட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம். நரம்பு நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பலருக்கும் தெரியாத உரிமை ஒன்று உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 பாதிப்புகளில் தண்டுவட மரப்பு நோயும் ஒன்று. தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைப் பட்டியலிலும் இதற்கு இடமுண்டு. 2023-இல் இந்தத் தொகை 2,000 ரூபாயாக இருந்தது. நெற்குப்பைக்காரர்கள் சிவகங்கை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். நோய் வந்து வந்து தணிவதால், நன்றாக இருக்கும் நாளில் சான்றிதழுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் பாதிப்பின் சதவீதம் குறைவாகப் பதிவாகக்கூடும். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் மருத்துவமனைச் சீட்டுகளையும் கையோடு கொண்டுபோவது அவசியம்.

அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் இந்த நோய் வந்தால் வேலையைப் பறிக்கவோ பதவியைக் குறைக்கவோ முடியாது என்கிறது அதே சட்டத்தின் 20(4) பிரிவு. பழைய வேலை முடியாதென்றால், அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.