ஏஐ ஆப் பில்டரில் லாகின்: எந்த மெயில் ஐடி கொடுக்கலாம்?

கோடிங் தெரியாது, ஆனால் ஆப் ஐடியா இருக்கிறதா? லவ்வபிள், ரெப்ளிட் போன்ற ஏஐ தளங்களில் என்ன வேண்டும் என்று எழுதினாலே போதும், ஆப் உருவாகத் தொடங்கிவிடும். ஆனால், முதல் படி லாகின். அங்கே எதையாவது தட்டிவிட்டு நகராதீங்க.

கூகுள் மூலம் லாகின் செய்தால் பாஸ்வேர்டு போய்விடுமா?

போகாது. 2012-ல் வெளியான ‘ஓஆத் 2.0’ முறைதான் இதற்கு அடிப்படை. பாஸ்வேர்டை கூகுளே சரிபார்க்கும். பெயர், மெயில் ஐடி, புரொஃபைல் படம் ஆகியவை மட்டும் அந்தத் தளத்துக்குச் செல்லும்.

அப்போ சிக்கல் எங்கே?

ஜிமெயில், டிரைவ் ஆகியவற்றைப் படிக்கவும் சில ஆப்கள் அனுமதி கேட்கும். அது லாகின் அல்ல, தனி அனுமதி. தேவையில்லை என்றால் ‘கேன்சல்’ கொடுங்க.

எந்த மெயில் ஐடி?

சொந்த ஆப்புக்குச் சொந்த மெயில். ஆபீஸ் மெயிலில் தொடங்கினால், வேலையை விட்டதும் அந்த ஐடி முடக்கப்படும். மாசக்கணக்கில் உருவாக்கிய ஆப்பையும் திறக்க முடியாமல் போகலாம். ஆபீஸ் வேலைக்கு சொந்த மெயிலும் வேண்டாம். கம்பெனி டேட்டா வெளியே போன கணக்காகிவிடும்.

டூலை இனி பயன்படுத்தப் போவதில்லையா?

கூகுள் அக்கவுன்ட்டில் அதன் இணைப்பை நீக்கலாம். ஆனால், அங்கே ஏற்கெனவே கொடுத்த டேட்டா தானாக அழியாது. முதலில் அந்தத் தளத்தில் உள்ள கணக்கை டெலிட் செய்துவிட்டு, பிறகு இணைப்பைத் துண்டியுங்க.